பதினாறு மூக்குப் பெட்டி

"குடிச்சிருக்கீங்களா? உண்மையைச் சொல்லுங்க!"

முதலாளி போட்ட சத்தத்தில் ஆய்வுக்கூடமே திரும்பிப் பார்த்தது. எதிரே நின்ற டிரைவருக்கு முகம் செத்துவிட்டது.

"சத்தியமா இல்ல சார். கையால தொட்டதே கிடையாது."

"அப்ப வாயில என்ன வாடை? பின்சீட்டு வரைக்கும் அடிக்குது. முதல்ல சாவியைக் குடுங்க!"

நிறுவனம் ஒற்றை அறையில் நடந்த காலத்திலிருந்தே அந்தச் சாவி அவரிடம்தான் இருந்தது. சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"நம்ம மெஷின் எதுக்கு இருக்கு? வாங்க, வந்து ஊதுங்க!"

மேஜைமேல் ஒரு பெட்டி. உள்ளே பதினாறு சென்சார்கள், அதாவது பதினாறு மூக்குகள். பதினாறும் சொல்வதைச் சேர்த்துக் கணக்குப் போட்டு, இது இன்ன வாடை என்று சொல்லும் மென்பொருளை எழுதியவள் புள்ளியக்கா. புள்ளியியல் படித்துவிட்டு வந்தவளுக்கு ஆபீஸ் வைத்த பெயர் அது. இதுவரை ஊழியர்கள் ஊதிப் பழக்கியதோடு சரி. நிஜமான கேள்வி ஒன்று பெட்டிக்கு முன்னால் வருவது இதுதான் முதல் தடவை.

புள்ளியக்காவுக்குக் கோபம் ஒரு பக்கம், படபடப்பு ஒரு பக்கம்.

"சார், தனியா கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே?"

"எல்லாரும் பார்க்கட்டும்மா. ஊதச் சொல்லு!"

"நான் ஊதுறேன்மா! எனக்கென்ன பயம்?" டிரைவர் ரோஷத்தோடு குழாயை வாங்கி, மூச்சு முட்ட ஊதினார்.

திரையில் ஏழாவது சென்சாரின் கோடு விர்ரென்று ஏறியது.

"சாராயத்துக்கு ஏறுற கோடு! மாட்டிக்கிட்டாரு!" என்று குதித்தார் சென்சார் இன்ஜினீயர்.

டிரைவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"கொஞ்சம் சும்மா இருங்க சார்! ஒரு மூக்கு சொல்றதை மட்டும் கேட்கவா நான் இத்தனை நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன்?" புள்ளியக்கா பட்டனைத் தட்டினாள்.

திரையில் புள்ளிகள் கூட்டங்கூட்டமாக விரிந்தன. பச்சைக் கூட்டம் சாதாரண மூச்சு. சிவப்பு, சாராயம். நீலம், நெயில் பாலிஷைத் துடைக்கிற அசிட்டோன்.

டிரைவரின் கறுப்புப் புள்ளிக்காக எல்லாரும் திரையில் முட்டிக்கொண்டார்கள்.

விழுந்தது. சிவப்பில் இல்லை. நீலத்தின் நட்டநடுவில்!

"சாராயம் இல்ல! அசிட்டோன்!" புள்ளியக்கா எழுந்த வேகத்தில் நாற்காலி உருண்டு சுவரில் மோதியது. "பிரிச்சுக் காட்டிடுச்சு! என் மென்பொருள் பிரிச்சுக் காட்டிடுச்சு!"

"மூச்சுல எப்படி அசிட்டோன் வரும்?" என்றார் இன்ஜினீயர்.

"சர்க்கரை ரொம்ப ஏறிட்டா வரலாம். டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும். அண்ணே, தாகம் ஜாஸ்தியா இருக்கா?"

"நாக்கு வறண்டுக்கிட்டேதாம்மா இருக்கு." டிரைவரின் குரல் இறங்கிப்போனது. "வீட்லயும் டாக்டர்கிட்ட போகச் சொல்லி தினம் சண்டை. வியாதின்னு தெரிஞ்சா வண்டியைத் தொட விடுவாங்களா? அதான் போகல."

புள்ளியக்கா முதலாளி பக்கம் திரும்பினாள். "இத்தனை பேர் முன்னால ஒரு மனுஷனைக் குடிகாரன்னுட்டீங்களே, மன்னிப்புக் கேளுங்க சார்!"

"மன்னிச்சிடுங்க," என்றார் முதலாளி, அவள் சொல்லி வாய் மூடுவதற்குள். "உங்க வேலை எங்கயும் போகாது. கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்கு."

தோளில் கை போட்டு அவரே வாசல்வரை கூட்டிவந்தார். பெட்டியின் வெற்றியை மறந்து புள்ளியக்காவும் பின்னாலேயே ஓடிவந்தாள்.

முதலாளி டிரைவர் சீட்டில் ஏறி வண்டியைக் கிளப்பினார். காருக்கு அந்தப் பக்கம், துணிப்பையும் ஃபிளாஸ்க்குமாக நின்றிருந்தார் டிரைவரின் மனைவி.

"நீ எங்க இங்க?" என்றார் டிரைவர் திகைத்துப்போய்.

"ஆஸ்பத்திரின்னா அசைய மாட்டாரு, குடிகாரன்னு சொன்னா ரோஷத்துல ஊதிடுவாருன்னு சார்தான் காலையிலயே என்னை வரச் சொன்னாரு."