எதிர் வீட்டு ஜன்னல்

"ஏசியே வேண்டாம், காத்து தானா வரும்னு வாசல்ல போர்டு வெச்சிருக்கீங்களே சார்... எங்க, அந்தக் காத்தைக் காட்டுங்க பாப்போம்!"

தையல்காரி இடுப்பில் கைவைத்து நின்றாள். ஆபீசுக்கு விடாமல் போன் போட்டு அவள் வரவழைத்த ஆர்க்கிடெக்ட் சுவரைத் தடவிப் பார்த்தார். அவர் வடிவமைத்த குடியிருப்பு அது. மண் கல் சுவர், நடு முற்றத்தில் வெட்டாமல் விட்ட பெரிய மரம், மாடிக்கு எதிரெதிரே இரண்டே வீடுகள். புகழ்ந்து எழுதாத பத்திரிகை இல்லை. எழுதியவர்கள் யாரும் இங்கே குடியிருந்து வேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

அவளுடைய தையல் மிஷினிலிருந்து ஒரு நூலை அவர் அறுத்து, முற்றத்துப் பக்க ஜன்னல் கம்பியில் கட்டினார். நூல் அசைவேனா என்றது.

"பாத்தீங்கள்ல? இந்த மாசத்தோட காலி பண்ணிடப் போறேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, போக இடம் ஏது? மகளும் கடல் கடந்து போனபின் பேச்சுத்துணைக்கு மிஷின் ஒன்றுதான். அதற்கு வாய் ஓயாது. காது மட்டும் கிடையாது.

"காத்து எதிர் வீட்டுக்குள்ள நுழைஞ்சு, மரத்தைத் தாண்டிக் குளிர்ந்து உங்ககிட்ட வரணும்மா. எதிர் ஜன்னல் திறந்திருந்தாத்தான் வரும்."

"நல்லா போட்டீங்க பிளானு! என் வீட்டுக் காத்தை எவன் கையிலயோ குடுத்துட்டீங்களே?"

"ஒருத்தருக்காக ஒருத்தர் திறந்து வெப்பாங்கன்னு நம்பினோம்."

"கிழிச்சாங்க! விடியறதுக்கு முன்னாடி போய், ஊரடங்கினப்புறம் வர்ற ஆளாம், வாட்ச்மேன் சொன்னாரு. நான் மூஞ்சியே பாத்ததில்ல. கதவைத் தட்டினாலும் பதில் கிடையாது." அவள் குரல் சட்டென்று இறங்கியது. "நான் குடிவந்த அன்னிக்கு அந்த ஜன்னல் திறந்துதான் இருந்துச்சு சார். ஆசையா மிஷினை மிதிக்க ஆரம்பிச்சேன். படார்னு சாத்தினாங்க. அதோட சரி. என் சத்தம் அவ்வளவு நாராசமாவா இருக்கு?"

அன்று இரவு அவள் சாப்பிடாமல் அழுதது இவருக்கு எதற்கு? அதை மட்டும் விழுங்கிக்கொண்டாள்.

ஆர்க்கிடெக்ட் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் போய்ப் பாக்கறேம்மா. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

"போங்க போங்க. உங்களுக்காவது திறக்கறாங்களான்னு பாப்போம்!"

அவர் போனதும், பாதியில் விட்ட சட்டையை எடுத்து மிஷினில் உட்கார்ந்தாள். கழுத்தில் வேர்வை வழிந்தது. நாலு தையல் ஓடியிருக்காது. கம்பியில் கட்டிய நூல் லேசாக நடுங்கியது. பிறகு துள்ளியது. இலை வாசனையோடு ஜில்லென்று காற்று முகத்தில் மோத, அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

எதிர் ஜன்னல் திறந்திருந்தது. கையில் சாவிக்கொத்தோடு ஆர்க்கிடெக்ட் மட்டும் தனியாக நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், போர்வை போர்த்திய ஒரு தையல் மிஷின்.

அவள் கால் தானாக நின்றது.

"நிறுத்தாதீங்கம்மா, தையுங்க," என்றார் அவர். "என் சம்சாரம் போனப்புறம் இந்தச் சத்தத்தைக் கேக்க எனக்குத்தான் தைரியம் வரல."