கண் பட்டுவிடும்

"எத்தனை வாட்டி சொல்றது? பச்சப் புள்ளையத் தராசுல வெக்காதே. கண்ணு பட்டுடும்!"

அப்பா சென்னப்பன் போட்ட சத்தத்தில் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வினோதா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினாள்.

தலைப்பிரசவத்துக்காக மூக்கண்டப்பள்ளிக்கு, அப்பா வீட்டுக்கு வந்தவள். வீட்டின் முன்பக்கமே அப்பாவின் மளிகைக் கடை. குழந்தை நாள் முந்திப் பிறந்துவிட்டது. வீட்டுக்கு அனுப்பும்போதே நர்ஸ் முனிலட்சுமி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "எடை ரெண்டரைக் கிலோவுக்குக் கீழ இறங்கினா வீட்ல வெச்சிருக்காதே. உடனே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்துடு."

இரண்டு நாளாகக் குழந்தையின் அழுகை மெலிந்திருந்தது. பால் குடிக்கும்போதே தூங்கிப்போனது.

கம்பெனியில் வினோதாவுக்குத் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டாள். மறுநாள் அப்பா தக்காளி எடுக்க ராயக்கோட்டை மண்டிக்குப் போன நேரம் பார்த்து, தராசில் துண்டை விரித்து, அதன் எடையைக் கழித்துவிட்டு, குழந்தையைக் கிடத்தினாள்.

இரண்டு கிலோ அறுநூறு.

அப்பாடா! உடனே முனிலட்சுமிக்குப் போன் செய்தாள்.

"ரெண்டு அறுநூறா? அப்ப பயமில்ல கண்ணு. வெள்ளிக்கிழமை வா, பாத்துக்கலாம்."

போனை வைத்த பிறகும் மனசு ஆறவில்லை. எடை சரியாக இருக்கிறது; குழந்தை சரியாக இல்லையே? 'எனக்குத்தான் வீண் பயம். தராசு தப்பாவா சொல்லும்?' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சென்னப்பன் தக்காளிப் பெட்டிகளோடு வந்து இறங்கியதுமே கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எதிர் வீட்டு மாதேஸ்வரி பையை நீட்டினாள்.

"அண்ணா, ஷிப்ட்டுக்கு நேரமாச்சு. ரெண்டு கிலோ போடு. போன வாட்டி வாங்கினது வந்த வேகத்துல தீந்துபோச்சு. எங்க வீட்ல பூதம் இருக்குதோ என்னமோ!"

வினோதா தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"அப்பா, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குத் தெரியாம பாப்பாவ எடை போட்டுட்டேன். தப்புதான். ஆனா ரெண்டு அறுநூறு இருக்கா. நர்ஸம்மா வெள்ளிக்கிழமை வந்தாப் போதும்னுட்டாங்க."

தட்டில் தக்காளியைக் கொட்டிய கை அப்படியே நின்றது.

"எதுல போட்ட?"

"இதுலதான்."

"கிளம்பு. ஆஸ்பத்திரிக்கு. இப்பவே!"

சென்னப்பன் தெருவுக்கு ஓடி, போய்க்கொண்டிருந்த ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினார்.

"எடைதான் சரியா இருக்குதேப்பா..."

மாதேஸ்வரி சிரித்தாள். "அட, கண்ணு பட்டா மிளகா சுத்திப் போடுவாங்க. நீ ஆஸ்பத்திரிக்கு ஓடறியே அண்ணா!"

மகளையும் பேத்தியையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, சென்னப்பன் கூட்டத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"கண்ணு படும்னு சொன்னது பொய்யிம்மா. இந்தத் தராசு கிலோவுக்கு நூறு கிராம் கூடக் காட்டும். நான்தான் அப்படிச் செஞ்சு வெச்சேன்."

மாதேஸ்வரியின் சிரிப்பு நின்றது. தட்டிலிருந்த தக்காளியைப் பெட்டியிலேயே கவிழ்த்துவிட்டு, தராசின் ஒயரைப் பிடுங்கினாள். "போ, மொதல்ல புள்ளையப் பாரு. நாளைக்குக் காலைல இதை, தராசு சோதிச்சு முத்திரை போடற ஆபீசுக்கு நான் தூக்கிட்டுப் போறேன்."