ராமக்காவின் கைராசி

"இனிமே என் பிள்ளையைத் தொடாதீங்க, அக்கா!"

ராமக்கா குழந்தையைப் பிடுங்கிக்கொண்டாள். ஒரு நொடி பிந்தியிருந்தால் ஐந்து மாசப் பிள்ளை அடுப்பில் விழுந்திருக்கும்.

நாத்தனார் முனியாயி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். விரல்கள் தாமாக நடுங்கின. நெற்றியைச் சுற்றிக் கிழிந்த சேலைத் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"தலை வலிக்குதும்மா. கொடுவாளால பொளக்கிற மாதிரி."

"மூணு மாசமாவா? சுக்குப் பத்துக்கும் கேக்கல, நொச்சி ஆவிக்கும் கேக்கல. அப்படி என்ன தலைவலி?"

"தெரியலையே. கண்ணுக்கு ஒண்ணு ரெண்டாத் தெரியுது."

நாக்குக் குழறியது.

முதலில் ராமக்காவும் பயந்துதான் போனாள். மந்திரித்துக் கயிறு கட்டினாள். சாமிக்குக் கோழி நேர்ந்தாள். பக்கத்து வீட்டுச் சின்னக்கண்ணுதான் அவள் பயத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டாள்.

"காலையில தலைவலி, நடந்தாத் தள்ளாட்டம், பேசினாக் குழறல். இது என்ன நோவுன்னு தெரியலையா உனக்கு? எங்க வூட்டுக்காரருக்கு இருபது வருசமா இருக்குடி!"

"சீ! சர்க்காரு சாராயக் கடையை மூடி ரெண்டு வருசம் ஆச்சே."

"கடையைத்தானே மூடினாங்க? ஓடைப் பக்கம் காய்ச்சறது உனக்குத் தெரியாதா? சரி, உங்க நாத்தனா தனிச் சட்டியில பொங்கித் திங்கறாளே, அது எதுக்கு?"

ராமக்காவுக்குச் சுருக்கென்றது.

தை மாசம்தான் முனியாயி அதை ஆரம்பித்தாள். "தம்பிக்கு எட்டு வருசம் கழிச்சுப் பிள்ளை பொறந்திருக்கு. ஆடி வரைக்கும் தனிச் சட்டிச் சோறுதான்னு சாமிக்கு நேர்ந்துட்டேன். என் பங்கு வரகைக் குதிருலேருந்து நானே அள்ளிக்கிறேன்" என்றாள். புருஷனும் பிள்ளையும் இல்லாதவள், வேண்டுதல் என்று சொல்லும்போது யார் தடுப்பார்கள்? ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டினாள். அந்தப் பக்கம் யாரையும் அண்டவிடவில்லை.

"சட்டியில சோறு இருக்குதோ, வேற என்ன இருக்குதோ!" என்றாள் சின்னக்கண்ணு. "ஆனா, உன் கைராசி பெரிசுடி. எங்க வூட்டுக் குதிரு மாசியிலயே தொடைச்சாச்சு."

இந்தப் பேச்சு வந்தால் ராமக்காவுக்கு முகம் மலர்ந்துவிடும். குதிரின் உட்சுவரில் மாசத்துக்கு ஒரு கரிக்கோடு கிழித்து, வரகு எவ்வளவு இறங்குகிறது என்று குறித்து வைத்திருந்தாள்.

"மழையில நனைஞ்சது போக எங்களுக்கும் கொஞ்சந்தான். மூணு பேரு திங்கறோம். நான் பால் குடுக்கறவ வேற. அப்படியும் சித்திரையில வரகு எங்க நிக்குது பாரு! எல்லாம் அளந்து போடுற கையிலதான் இருக்கு."

குழந்தை அடுப்பில் விழப் பார்த்த மறுநாள் ராமக்கா ஊர்க்கவுண்டரையே கூப்பிட்டுவிட்டாள். வாசலில் நாலு பேர் கூடினார்கள்.

"ஒரு சட்டிச் சாராயத்துக்காகப் போலீசு மலையேறி வந்தா, ஊரே வெலங்கு மாட்டிக்கணும்" என்றார் கவுண்டர். "குடிக்கறவளுக்கு இங்க எடமில்ல."

ராமக்காவின் புருஷன் வீரன் தலையை நிமிர்த்தவில்லை. "அக்கா, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

முனியாயி தம்பியைப் பார்த்தாள். பார்வை அவன்மேல் படாமல் பக்கத்தில் போய் விழுந்தது.

"நான் போயிடறேண்டா. ராமக்காவை ஒண்ணும் சொல்லாதே. பால் வத்திரும்."

"பேச்சை மாத்தாதீங்க! இன்னைக்கு அந்தச் சட்டியை ஊரே பாக்கட்டும்!"

ராமக்கா ஓடினாள். முனியாயி தடுக்க எழுந்தாள், கால் நிற்கவில்லை.

சட்டி நடு வாசலுக்கு வந்தது. மூடியை எடுத்ததும் எல்லாரும் மூக்கைப் பொத்தத் தயாரானார்கள். சாராய வாடை வரவில்லை. பாதி தின்ற வரகுச் சோறு, கறுத்து, பூசண வாடையோடு கிடந்தது.

கவுண்டர் ஒரு பருக்கையை எடுத்து முகர்ந்தார். முகம் மாறியது.

"டேய் வீரா, நனைஞ்சு கறுத்த வரகை என்னடா பண்ணினே?"

"பள்ளத்துல கொட்டச் சொன்னனுங்க. அக்காதான் சுமந்துக்கிட்டுப் போனா."

"அவ கொட்டலடா. கிறுக்கு வரகு இது! மாடு தின்னாலே தலை சுத்தி விழும். மூணு மாசமாத் தின்னிருக்காளே!"

பின்னால் தொப்பென்று சத்தம். முனியாயி மண்ணில் விழுந்திருந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

"மோரு! புளிச்ச மோரு கொண்டாங்க!"

ராமக்கா மோர்ப்பானையோடு ஓடிவந்தாள். நாத்தனாரின் தலையை மடியில் தூக்கிவைத்து ஊற்றினாள். ஊற்றிய மோர் உள்ளே இறங்காமல் கடைவாய் வழியாக வழிந்தது. இழுப்பு நின்றது. அப்புறம் எதுவுமே அசையவில்லை.

"குதிரு நெறைய நல்ல வரகு இருக்கையில, இவ ஏண்டி இதைத் தின்னா?" என்றாள் சின்னக்கண்ணு.

ராமக்கா திறந்து கிடந்த கதவு வழியாக உள்ளே பார்த்தாள்.

அவள் பெருமையடித்த கைராசி அங்கே குதிருக்குள் இருந்தது. முனியாயியின் மூன்று மாசப் பங்கு, ஒரு பிடிகூடக் குறையாமல்.