பதின்மூன்றாம் வாரம்

அம்மாவின் துணி அலமாரிக்குள் தலையை நுழைத்தபடி ஜெம்மா புனித யூதா ததேயுவை வேண்டிக்கொண்டிருந்தாள். ஒன்பது நாள் நவநாள் ஜெபத்தின் கடைசி நாள். இன்றோடு அவருக்கு அவள் கொடுத்த கெடு முடிகிறது.

அவள் தேடியது ஓர் அட்டைப்பெட்டியை.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் முதல் வாரத்தில் அது வந்துவிடும். ஞானோபதேசம், லத்தீன், கணக்கு, புனிதர் வரலாறு, கூடவே எந்த வாரம் எதைப் படிக்க வேண்டும் என்று அச்சிட்ட பாடத்திட்டம். அப்பா சாப்பாட்டு மேசையில் வைத்துக் கத்தியால் கிழிப்பார். அம்மா ஒவ்வொரு புத்தகமாக முகர்ந்து பார்ப்பாள். பிறகு காலிப்பெட்டிக்காக ஜெம்மாவும் தம்பி ஃபெலிக்ஸும் அடித்துக்கொள்வார்கள்.

இந்த ஆண்டு ஆகஸ்ட் இருபது ஆகியும் பெட்டியைக் காணோம்.

பெட்டி இல்லையென்றால் வீட்டில் படிப்பு இல்லை. வீட்டில் படிப்பு இல்லையென்றால் பள்ளிக்கூடம்.

போன வாரத்திலிருந்து பள்ளிக்கூடத்து மஞ்சள் பேருந்து மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. கோதுமை வயலைச் சுற்றிக்கொண்டு வந்து, தங்கள் தபால்பெட்டியருகே அது வேகம் குறைவதாக அவளுக்குத் தோன்றியது. ஒவ்வொரு காலையும் அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை அவள் கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

பேருந்தில் அறுபது பேர் இருப்பார்கள். ஜெம்மா வாழ்நாளில் தம்பியைத் தவிர யார் பக்கத்திலும் உட்கார்ந்து படித்ததில்லை.

பள்ளிக்கூடம் என்ற இந்தத் தண்டனைக்குக் காரணம் அவளுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பின் பின்னக் கணக்குகளில் ஒன்றைக்கூட அவள் சொந்தமாகப் போடவில்லை. அம்மாவின் விடைப்புத்தகத்தைத் திருடிப் பார்த்து எழுதினாள். சந்தேகம் வராமலிருக்க இரண்டை வேண்டுமென்றே தப்பாகவும் போட்டாள். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்பு வாங்கியாயிற்று. அம்மாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஒன்பது நாளுக்கு முன்பு, சமையலறையில் அம்மா அப்பாவிடம் பேசியது படிக்கட்டுவரை கேட்டது.

"என்னால ரொம்ப நாளைக்கு முடியாது, கர்ட். ஜெம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

அப்பா குழாயைத் திறந்துவிட்டார்.

மறுநாளே ஜெம்மா நவநாள் தொடங்கிவிட்டாள். கைவிடப்பட்ட காரியங்களுக்கு யூதா ததேயுவை விட்டால் ஆள் கிடையாது. பதினோரு வயதிலேயே அவளுக்கு வக்கீல் மூளை. எந்த ஓட்டையும் இருக்கக்கூடாது என்று தன் மன்றாட்டைப் பார்த்துப் பார்த்து அமைத்திருந்தாள். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக்கூடாது. எட்டாவது முடியும்வரை வீட்டிலேயே படிக்க வேண்டும். அம்மாவால் முடியாவிட்டால் அப்பா சொல்லிக்கொடுத்தாலும் போதும்.

குளிர்காலக் கோட்டுகளுக்குப் பின்னால் கை ஏதோ அட்டையில் இடித்தது.

இழுத்தாள். ஒன்றல்ல, மூன்று பெட்டிகள். அம்மாவின் கையெழுத்தில் ஆறு, ஏழு, எட்டு.

ஜெம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. மூன்று ஆண்டுக்கு மஞ்சள் பேருந்து கிடையாது. யூதா ததேயு கேட்டபடி செய்துவிட்டார், அதுவும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல்.

மூன்று ஆண்டுப் புத்தகத்தையும் அம்மா ஏன் ஒரேயடியாக வாங்கினாள் என்ற கேள்வி கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

ஆறாம் வகுப்புப் பாடத்திட்டத்தைப் பிரித்தாள். வழக்கமான அச்சுதான். இந்தப் பத்தியை அம்மா உரக்க வாசிக்கவும். சொல்வதெழுதுதலை அம்மா திருத்தவும். இந்தப் பாடத்திட்டக்காரர்களுக்கு வீட்டில் வாத்தியார் என்றால் அம்மாதான், வேறு யாரையும் தெரியாது.

பதின்மூன்றாம் வாரத்தில் 'அம்மா' என்ற சொல்லின்மேல் நீல மையில் ஒரு கோடு. பக்கத்தில், 'அப்பா'.

பதினான்காம் வாரத்திலும் அப்படியே. பதினைந்திலும்.

ஏழாம் வகுப்பை எடுத்தாள். முதல் பக்கத்திலிருந்தே கோடு. எட்டாம் வகுப்பில் கடைசிப் பக்கம்வரை கோடு. இருந்த ஒரு 'அம்மா'வையும் அம்மா விட்டுவைக்கவில்லை. போகப்போகக் கையெழுத்து சாய்ந்துகொண்டே போயிருந்தது.

ஆறாம் வகுப்பின் பதினாறாம் வாரத்தில், பின்னக் கணக்குக்குப் பக்கத்தில் ஓரமாக ஒரு குறிப்பு இருந்தது.

கர்ட், இந்த இடம் வந்தால் ஜெம்மா விடைப்புத்தகத்தைப் பார்த்து எழுதுவாள். திட்டாதே. பக்கத்தில் உட்கார்ந்துகொள், அது போதும். எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லவேண்டாம்.

ஜெம்மா விரல்விட்டு எண்ணினாள். அடுத்த திங்கள் முதல் வாரம். பதின்மூன்றாம் வாரம் நவம்பரில் வரும்.

வியாழக்கிழமைதோறும் அம்மா விச்சிட்டா நகரத்துக்குப் போய்வந்தாள், பல் டாக்டரைப் பார்க்க என்று. அப்பாதான் வேலைக்கு லீவு போட்டு வண்டி ஓட்டுவார். வந்ததும் அம்மா சாப்பிடாமல் படுத்துவிடுவாள். இன்றும் போயிருந்தார்கள். இத்தனை வாரமாகப் பார்ப்பதற்கு அம்மாவுக்கு எத்தனை பல்தான் இருக்கிறது என்று ஜெம்மா ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

கோழிக்கூண்டுப் பக்கம் காவலுக்கு நின்ற ஃபெலிக்ஸ் குரல் கொடுத்தான்.

"ஏய், கார் திரும்பிடுச்சு. நீ நல்லா மாட்டினே, போ."

சரளைக்கல் பாதையில் சக்கரம் நொறுக்கிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. மஞ்சள் பேருந்துக்குப் பயந்ததெல்லாம் ஒரு பயமா என்றிருந்தது ஜெம்மாவுக்கு. பெட்டிகளை இருந்தபடியே உள்ளே தள்ளினாள். கோட்டுகளை இழுத்து மூடினாள். அவசரத்தில் ஒரு கோட்டு கீழே விழுந்தது. அதை எடுத்து மாட்டாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அப்பா சொல்லிக்கொடுத்தாலும் போதும் என்று கேட்டவளும் அவள்தான்.

கீழே கதவு திறந்தது. மாடிப்படியில் அம்மா ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறி வந்தாள்.

ஜெம்மா கைகூப்பினாள். புது நவநாளின் முதல் நாள் ஜெபம். இந்தத் தடவை வக்கீல் பேச்சு எதுவும் வரவில்லை. அம்மா என்று மட்டும்தான் வந்தது.