கேள்விக்குக் கட்டணம்

வீட்டுப் பத்திரம் பார்க்கும் இயந்திர வக்கீல் கேள்விக் கணக்கில்தான் கட்டணம் வாங்கும். ஸ்கூட்டரை விற்றதில் செல்வராணிக்கு இரண்டு கேள்விக்குத்தான் பணம் தேறியது. வாங்கப்போகும் வீடு யார் பேரில் இருக்கிறது, மனை ஏரி நிலத்தில் இருக்கிறதா. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

நுழைந்ததும் அவள் கணவர் இருதயராஜ் கைகூப்பினார். "வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா?"

"நலம். இன்னும் ஒரு கேள்வி மீதமிருக்கிறது."

"ஐயோ, என்னங்க இது!" என்றாள் செல்வராணி.

விற்பவன் ஏமாற்றிவிடுவானோ என்ற பயமே அவளுக்குப் பெரிதாக இருந்தது. வீடு யார் பேரில் என்று கேட்டாள். விற்பவர் பேரில்தான் என்றது வக்கீல். அன்றே பத்திரம் பதிந்தார்கள்.

ஐப்பசி மழையில், அந்த வீட்டுக் கூடத்தில் முழங்கால் தண்ணீரில் பிள்ளையோடு நின்றாள். பக்கத்து மாடிவீட்டுக்காரர் படியிறங்கி வாசலுக்கு வந்து கையை நீட்டினார்.

"இது ஏரிம்மா. சாயங்காலத்துக்குள்ள கழுத்து வரைக்கும் வந்துரும். புள்ளைய இங்க குடுங்க."