கூடாரத்தின் பொட்டு

வீடு சரிந்த மழையில் முத்தரசனும் சுகந்தியும் கைக்குழந்தையோடு தங்கிய கூடாரம் அது. குழந்தைமேல் ஒரு சொட்டு விழவில்லை. புது வீடு கட்டிய பிறகும் ஆயுத பூஜைதோறும் அதை மொட்டை மாடியில் கட்டுவார்கள். தண்ணீர் இறங்காதிருக்க அவர் தையல்களில் பசை தடவுவார். அவள் கூடாரத்தின் உச்சியில் இருக்கும் பழைய பொட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, புதிதாகச் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். இந்த வருஷம் பூஜை முடிந்த கையோடு ஆற்றோரக் குடிசைகளை வெள்ளம் கொண்டுபோனது. அங்கே ஒரு பச்சை உடம்புக்காரி பிள்ளையோடு மரத்தடியில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும், கூடாரத்தைக் கொடுத்துவிட முடிவு செய்தார்கள். கொடுக்குமுன் சோதித்துவிட, அன்று குழந்தை கிடந்த இடத்தில் முத்தரசன் மல்லாந்து படுத்துக்கொண்டார். சுகந்தி வெளியே ஸ்டூலில் ஏறி நின்று குடம் குடமாக ஊற்றினாள்.

"ஒழுகுதாங்க?"

"இல்ல, ஊத்து."

தையல்கள் எல்லாம் தாங்கின. அவர் எழப்போனபோது நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. உச்சியில், பொட்டு வைத்த இடத்தில் மட்டும் துணி நனைந்திருந்தது. வருஷா வருஷம் தேய்த்ததில் தண்ணீரைத் தடுக்கும் பூச்சு அங்கே போயிருந்தது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தார். சுகந்தி அவர் முகத்தையே பார்த்தாள்.

"யாருங்க வெச்சுவிட்டா?"

நெற்றியைத் தொட்டார். விரலில் குங்குமம். அவர் அதைத் துடைக்கவில்லை. பசைக் குப்பியைத் திறந்து அவளிடம் நீட்டினார்.

"இன்னைக்கு இதுல வை."

அவள் கூடாரத்தில் பொட்டு இருந்த இடத்தை முந்தானையால் ஈரம் போக ஒற்றி எடுத்தாள். பிறகு மோதிர விரலால் பசையைத் தொட்டு, உச்சியில் வைத்தாள்.