மூன்றாவது பொத்தான்

குடும்பக் குழுவில் அந்தப் படம் வந்து விழுந்தபோது, தையல்கடையில் அவள் யாருடைய கால்சட்டைக்கோ இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

சாலையில் ஒருக்களித்துக் கிடக்கும் ஒரு ஆள். முகத்தைக் கை மறைத்திருந்தது. சுற்றிலும் சிவப்பு வட்டம்.

‘ஓட்டுப் போடப் போனவரை அடித்தே கொன்ற ஆளுங்கட்சி! பத்துப் பேருக்காவது அனுப்புங்கள்.’

அனுப்பியவர் அவள் கணவரின் அண்ணன். படிக்காமலே அனுப்புவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

இரண்டு வருடமாக அந்தப் படம் நாடு நாடாகச் சுற்றுகிறது. ஓரிடத்தில் கொன்றது எதிர்க்கட்சி. இன்னோரிடத்தில் போலீஸ். கடல் தாண்டியதும் அகதிகள். வீடியோவாக வந்தபோது பின்னணியில் வயலின் வேறு.

லாரி மோதியது என்று மட்டும் எந்த நாட்டிலும் ஒருவரும் எழுதவில்லை.

புகார் செய்து செய்து அவளுக்கு விரல் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியாகச் செயலி நிறுவனத்திடமிருந்து வந்த பதில்: ‘படத்தில் இருப்பவரே புகார் அளிக்க வேண்டும்.’

கணவரின் அண்ணனைப் போனில் பிடித்தாள்.

“அத்தான், அது பொய். அத்தை பாக்கறதுக்குள்ள அழிச்சிடுங்க.”

“உனக்கு எது வந்தாலும் பொய்தாம்மா! எனக்கு அனுப்பினவரு வெளிநாட்டுலயே இருக்காரு, அவருக்குத் தெரியாதா? நீ என்ன, பக்கத்துல நின்னு பாத்தியா?”

அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

என்னவென்று சொல்வது? விபத்துதான், ஆனால் ஆஸ்பத்திரியில் வலியே தெரியாமல் தூக்கத்தில் போய்விட்டார் என்று மாமியாரிடம் சொன்னவள் அவள்தானே. வீட்டில் ஒருவர்கூட மறுகேள்வி கேட்கவில்லை. எல்லோரும் எல்லோருக்கும் அதையே சொன்னார்கள்.

நாற்பது நிமிடம் சாலையில் கிடந்தார் என்பதையும், சுற்றி நின்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

படத்தைப் பெரிதாக்கினாள். சட்டையின் மூன்றாவது பொத்தானில் நீல நூல். அன்று காலை வீட்டில் வெள்ளை நூல் தீர்ந்துபோயிருந்தது. “தையல்காரி வீட்டுல நூலுக்குப் பஞ்சமா?” என்று சிரித்தபடியே கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

குழுவில் ஒரு குரல் செய்தி வந்து நின்றது. மாமியார். அவருக்கு எழுத்துத் தட்ட வராது.

கத்திரியைக் கீழே வைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தாள்.

“யாரு பெத்த பிள்ளையோ, பாவம். எப்படித் துடிச்சிருப்பானோ. எல்லாருக்கும் அனுப்புங்கப்பா.”